கறகறக்கும் கார் என்ன சொல்கிறது?

பழைய கார் வாங்கும் குடும்பங்களுக்கான ஒரு பாடம்

இடம்பெயர்ந்து வந்த மூன்று குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். தோட்டம் செய்யக் குத்தகைக்குக் காணி கிடைத்திருக்கிறது. கத்தரியும் மிளகாயும் பயிற்றங்காயும் நன்றாகவே விளைகின்றன. ஆனால் சந்தை தூரம். வாடகை வாகனத்துக்கே வருமானத்தில் பெரும் பங்கு போய்விடுகிறது. இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டாலும் வாகனம் தேடி அலைய வேண்டும். ஆகவே மூன்று குடும்பங்களும் கூடிப் பேசி, காப்பை அடைவு வைத்து, சீட்டுப் பணத்தையும் சேர்த்து, ஒரு பழைய கார் வாங்க முடிவு செய்கின்றன.

விற்பவர் காரை ஓட்டிக் காட்டுகிறார். எங்கோ அடியில் இருந்து 'கறகற' என்று ஒரு சத்தம் வருகிறது. கேட்டால், "அண்ணை, பழைய காரெண்டால் சத்தம் இருக்கும்தானே. அது ஒண்டும் செய்யாது" என்கிறார்.

அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். பிறேக் தட்டுக்குள் அகப்பட்ட ஒரு சிறு கல்லை எடுத்துவிட்டால் தீர்ந்து போகும் சத்தமாக அது இருக்கக்கூடும். அல்லது கியர்பொக்ஸ் முழுவதையும் இறக்கிப் பிரிக்க வேண்டிய சத்தமாக இருக்கக்கூடும். சில்லு கழன்று போவதற்கு முன் வரும் எச்சரிக்கையாகவும் இருக்கக்கூடும். காசைக் கொடுப்பதற்கு முன்னரே இவற்றுள் எது என்று அறிந்துகொள்வது எப்படி? இதையே இப்பாடத்தில் நோக்குவோம்.

பழைய காரும் எமது மக்களும்

பழைய கார்கள் எமக்குப் புதியவை அல்ல. 1990களில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காதிருந்த காலத்தில், யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் போன்ற கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறிதளவு பெற்றோலை விட்டு இயந்திரத்தை இயக்கி, அது சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். மொறிஸ் மைனர் இங்கிலாந்தில் 1948ஆம் ஆண்டு வெளிவந்த கார். அவ்வளவு பழைய வாகனங்களும் ஓடியதற்குக் காரணம் அவற்றின் உறுதி மட்டுமல்ல. சத்தம் மாறிய அன்றே காது கொடுத்துக் கேட்டு, வேளைக்கே திருத்திய சாரதிகளும் திருத்துநர்களும் இருந்தார்கள். அந்தக் காது எமக்கும் வரும். அது பழக்கத்தால் வருவதே.

சக்தி செல்லும் வழி

சத்தத்தைக் கண்டுபிடிக்க, முதலில் இயந்திரத்தின் சக்தி சில்லுக்கு எவ்வழியாகப் போகிறது என்பதை அறிய வேண்டும்.

மொறிஸ் மைனர், ஒஸ்ரின் போன்ற பழைய கார்களில் பின்சில்லுகளே காரைத் தள்ளுகின்றன. இயந்திரத்தின் சக்தி முதலில் கிளச்சுக்கும், அங்கிருந்து கியர்பொக்சுக்கும் போகிறது. கியர்பொக்சில் இருந்து காரின் அடியில் நீளமாகப் போகும் இரும்புத் தண்டே புறொப்பெலர் சாப்ற். அதன் முனைகளில் சிலுவை வடிவான மூட்டுக்கள் உள்ளன. இவையே யூனிவர்சல் ஜொயின்ற். பின் அச்சின் நடுவில் உருண்டையாகத் தெரிவது டிபறன்சல். அதிலிருந்து இரு பக்கமும் அச்சுத்தண்டுகள் சில்லுகளுக்குச் செல்கின்றன.

மாருதி 800 போன்ற கார்களில் முன்சில்லுகளே காரை இழுக்கின்றன. அவற்றில் நீண்ட புறொப்பெலர் சாப்ற் இல்லை. கியர்பொக்சும் டிபறன்சலும் முன்னாலேயே ஒன்றாக இருக்கின்றன. அங்கிருந்து இரண்டு குறுந்தண்டுகள் முன்சில்லுகளுக்குப் போகின்றன. அத்தண்டுகளின் முனைகளில் உள்ள மூட்டுக்களுக்கு சி.வி. ஜொயின்ற் என்று பெயர். அவற்றை கறுப்பு றப்பர் உறை மூடியிருக்கும்.

ஆகவே வாங்கப் போகும் கார் எவ்வகை என்பதை முதலில் கேட்டறியுங்கள். இல்லாத பாகத்தில் சத்தத்தைத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

எங்கே என்று கேட்காதீர்கள். எப்போது என்று கேளுங்கள்

சத்தம் கேட்டவுடன் "எங்கேயிருந்து வருகுது?" என்று கேட்பதே எமது வழக்கம். ஆனால் இரும்பு வழியே சத்தம் ஓடும். பின் அச்சில் பிறந்த சத்தம் முன் ஆசனத்தின் கீழ் கேட்கும். காது இடத்தைப் பற்றி எம்மை ஏமாற்றிவிடும். நேரத்தைப் பற்றி அவ்வளவாக ஏமாற்றாது. எனவே சத்தம் எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்று பார்ப்பதே சரியான முறை.

நீரிறைக்கும் இயந்திரம் இரைச்சலிட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? பெல்ற்றைக் கழற்றிவிட்டு இயந்திரத்தை மட்டும் ஓடவிட்டுப் பார்ப்பீர்கள். இரைச்சல் நின்றால் குறை பம்பில் உண்டு. நிற்காவிட்டால் இயந்திரத்தில் உண்டு. காரிலும் அதே முறைதான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கிளச்சை மிதியுங்கள், கியரை மாற்றுங்கள், வேகத்தை மாற்றுங்கள், ஸ்ரியறிங்கைத் திருப்புங்கள், பிறேக்கை மிதியுங்கள். எதை மாற்றியபோது சத்தம் மாறியதோ, அந்த வழியில் தான் குறை இருக்கிறது.

இதற்கு இருவர் வேண்டும். சாரதி அனுமதிப்பத்திரம் உள்ள ஒருவர் ஓட்டட்டும். மற்றவர் கேட்டுக் குறிப்பெடுக்கட்டும். கேட்பவருக்குக் கார் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வீட்டுப் பெண்களுள் ஒருவரும் இதைச் செய்யலாம். றேடியோவை நிறுத்தி, கண்ணாடிகளைத் திறந்துவிடுங்கள். மதில் ஓரமாக மெதுவாக ஓடினால் சத்தம் மதிலில் பட்டுத் தெளிவாகக் கேட்கும்.

பரீட்சை 1: இயந்திரம் ஆறியிருக்கும்போது

காலையில் போங்கள். விற்பவர் காரை முன்னரே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறாரா என்று பொனற்றில் கை வைத்துப் பாருங்கள். சில சத்தங்கள் குளிரில் கேட்கும். வேறு சில, ஒயில் சூடேறி நீர்த்த பின்பே கேட்கும். ஆகவே இரு நிலையிலும் கேட்க வேண்டும். ஐந்து நிமிட ஓட்டம் போதாது. அரை மணி நேரமாவது ஓட்டுங்கள்.

பரீட்சை 2: நின்ற நிலையில் கிளச்

ஹான்ட் பிறேக்கை இழுத்து, சில்லுகளுக்கு அடை கொடுத்து, கியரை நியூற்றலில் வைத்து இயந்திரத்தை இயக்குங்கள். கிளச்சில் கால் வைக்காமல் ஒரு நிமிடம் கேளுங்கள். பின்னர் கிளச்சை முழுவதும் மிதித்துக் கேளுங்கள்.

மிதிக்காதபோது இரைச்சல் இருந்து, மிதித்ததும் நின்றால், கியர்பொக்சின் உள்ளே இருக்கும் பெயரிங்குகளில் தேய்வு இருக்கலாம். மிதித்தால் கியர்பொக்சின் முன்தண்டு சுழலாமல் நின்றுவிடும். அதனாலேயே சத்தமும் நிற்கிறது.

மிதிக்காதபோது அமைதியாக இருந்து, மிதித்ததும் சத்தம் வந்தால், கிளச்சை விடுவிக்கும் பெயரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். அந்தப் பெயரிங் சிறியது, விலையும் பெரிதல்ல. ஆனால் அதை மாற்ற கியர்பொக்சை (சில கார்களில் இயந்திரத்தையே) இறக்க வேண்டும். கூலியே பெரும் செலவு. ஆகவே இறக்கும்போது கிளச் தட்டையும் சேர்த்துப் பார்த்து மாற்றுவதே சிக்கனம்.

பரீட்சை 3: கியர் போடும்போது

கியர் விழும்போது 'கறக்' என்று பற்கள் உரசினால் உடனே கியர்பொக்சைப் பழிக்க வேண்டாம். பெரும்பாலான கார்களில் றிவேர்ஸ் கியருக்கு வேகத்தைச் சமப்படுத்தும் வளையம் இல்லை. மொறிஸ் மைனரில் முதலாம் கியருக்கும் அது இல்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது முதலாம் கியரைப் போட்டால் அது கத்தத்தான் செய்யும். அது குறையல்ல, அதன் அமைப்பு.

கிளச்சை முழுவதும் மிதித்து, ஐந்து வரை எண்ணி, பின்னர் றிவேர்சைப் போடுங்கள். சத்தமின்றி விழுந்தால் நல்லது. அப்போதும் உரசினால் கிளச் முழுமையாக விடுபடவில்லை. கிளச்சின் சீராக்கல், கேபிள், அல்லது கிளச் எண்ணெய் கசிவு ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். இது பெரும்பாலும் சிறு செலவோடு தீரலாம்.

ஓடும்போது மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கையில் மட்டும் உரசினால், அந்த இரண்டாம் கியரின் வளையம் தேய்ந்திருக்கிறது. கியர் தானாகக் கழன்று நியூற்றலுக்கு வந்தால் தேய்வு அதிகம் என்று கொள்க.

பரீட்சை 4: ஓட்டத்தில்

வெறிச்சோடிய, சமமான வீதியில் மணிக்கு 40 கிலோமீற்றர் அளவில் ஓடுங்கள். சத்தம் கேட்கும்போது கிளச்சை மிதித்து நியூற்றலுக்கு மாற்றி, காரைத் தானாக உருளவிடுங்கள். இயந்திரத்தை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் சில கார்களில் ஸ்ரியறிங் பூட்டிக்கொள்ளும், பிறேக்கும் கடினமாகும்.

கார் உருளும்போதும் சத்தம் அப்படியே இருந்து, வேகம் குறையக் குறையக் குறைந்தால், குறை சில்லுப் பக்கம். அதாவது சில்லுப் பெயரிங், அச்சு, டிபறன்சல், புறொப்பெலர் சாப்ற் அல்லது ரயர். நியூற்றலுக்கு வந்ததும் சத்தம் மறைந்தால் கியர்பொக்ஸ், கிளச், இயந்திரம் ஆகியவற்றின் பக்கம் பார்க்க வேண்டும். டிபறன்சல் சத்தமும் பாரம் நீங்கும்போது குறையலாம் என்பதை மறவாதீர்கள்.

இனி இவற்றைக் கவனியுங்கள்:

அக்சிலேற்றரை மிதிக்கும்போது ஊளைச் சத்தம், விட்டதும் அது மாறுகிறது அல்லது நிற்கிறது: டிபறன்சல் பற்சக்கரங்களின் தேய்வு. மிதித்தாலும் விட்டாலும் ஒரே இரைச்சல் என்றால், டிபறன்சல் பெயரிங் அல்லது சில்லுப் பெயரிங்.

பழைய பின்சில்லு ஓட்டக் காரில் ஒன்று, இரண்டு, மூன்றாம் கியர்களில் கறகறத்து, நாலாம் கியரில் அமைதியானால், கியர்பொக்சின் கீழ்த்தண்டையும் அதன் பெயரிங்குகளையும் சந்தேகிக்கலாம். நாலாம் கியரில் சக்தி அத்தண்டின் வழியாகப் போவதில்லை. மாருதி போன்ற கார்களுக்கு இவ்விதி பொருந்தாது.

கார் புறப்படும்போதும் றிவேர்ஸ் எடுக்கும்போதும் 'டக்' என்று அடித்து, மெதுவாகப் போகையில் 'கிறீச் கிறீச்' என்றால், யூனிவர்சல் ஜொயின்ற் காய்ந்து தேய்ந்திருக்கிறது.

வலப்பக்கம் வளைகையில் இரைச்சல் கூடி, இடப்பக்கம் வளைகையில் குறைந்தால், இடப்பக்கச் சில்லுப் பெயரிங்கைப் பாருங்கள். வலப்பக்கம் திரும்பும்போது காரின் பாரம் இடப்பக்கம் சாய்கிறது. மாறி நடந்தால் வலப்பக்கப் பெயரிங்.

முன்சில்லு ஓட்டக் காரில் ஸ்ரியறிங்கை முழுவதும் ஒடித்து வட்டமாகத் திரும்பும்போது 'டிக் டிக் டிக்' என்றால், வெளிப்பக்க சி.வி. ஜொயின்ற். குனிந்து றப்பர் உறையைப் பாருங்கள். அது வெடித்து, சில்லின் உட்புறத்தில் கிறீஸ் சிதறியிருந்தால் சந்தேகம் உறுதியாகும். உறை வெடித்தால் கிறீஸ் வெளியேறும், மணல் உட்புகும். மணல் வீதிகளில் ஓடும் காருக்கு இது பெரும் கேடு.

பிறேக்கை மிதிக்கும்போது மட்டும் இரும்போடு இரும்பு உரசினால், லைனர் முற்றாகத் தேய்ந்திருக்கிறது.

பரீட்சை 5: எளியதை முதலில்

பெரிய குறையென்று முடிவு கட்டுவதற்கு முன் சிறியவற்றை நீக்குங்கள். கிரவல் வீதியில் ஓடிய காரில் பிறேக் டிஸ்குக்கும் அதன் தகட்டுக்கும் இடையில் கல் அகப்பட்டு, பயங்கரமாகக் கறகறக்கும். புகைக்குழாயைச் சுற்றிய தகடு தளர்ந்தாலும் அப்படியே. ரயர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால் பெயரிங் போனது போலவே இரையும். ஆனால் ரயர்ச் சத்தம் தார் வீதியில் ஒன்றாகவும் கிரவல் வீதியில் வேறாகவும் கேட்கும். முன் ரயரைப் பின்னுக்கு மாற்றிப் பார்த்தால் சத்தமும் இடம் மாறும். பெயரிங் சத்தம் மாறாது.

பரீட்சை 6: சில்லை உயர்த்தியும் ஒயிலைப் பார்த்தும்

சமமான, இறுகிய தரையில் காரை நிறுத்தி, தரையில் இருக்கும் சில்லுகளுக்கு இரு பக்கமும் அடை கொடுத்த பின்பே ஜக்கை ஏற்றுங்கள். ஜக்கை மட்டும் நம்பி ஒருபோதும் காரின் அடியில் போகாதீர்கள். உறுதியான தாங்கிகளை வையுங்கள். செங்கல்லோ சீமெந்துக் கல்லோ நொறுங்கிவிடும். அவற்றை வைக்கக் கூடாது. சில்லு உயர்ந்த நிலையில் இயந்திரத்தை இயக்கிக் கியர் போட்டுப் பார்க்கவும் கூடாது.

உயர்த்திய சில்லை மேலும் கீழுமாக, மணிக்கூட்டின் 12 உம் 6 உம் இருக்கும் இடங்களில் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் அதிகம் இருந்தால் பெயரிங்கோ அதன் அருகிலுள்ள மூட்டோ தேய்ந்திருக்கிறது. பின் கையால் சுழற்றிப் பாருங்கள். மாவரைக்கும் கல்லில் மணல் அகப்பட்டது போலக் கையில் உணர்ந்தால் பெயரிங் கெட்டிருக்கிறது.

கியர்பொக்ஸ், டிபறன்சல் ஆகியவற்றின் ஒயிலைத் திருத்துநரைக் கொண்டு சிறிது எடுத்துப் பாருங்கள். ஒயில் வடிக்கும் திருகில் சாம்பல் நிறப் பசை போல ஒட்டியிருப்பது வழமையான தேய்வு. இரும்புத் துகள்களும் பற்களின் சில்லுகளும் வந்தால் அது வழமையல்ல. ஒயில் பாலும் தேநீரும் கலந்தது போல இருந்தால் தண்ணீர் உட்புகுந்திருக்கிறது. வெள்ளத்தில் நின்ற வாகனங்களில் இதைக் காணலாம். இடம்பெயர்வின்போது கைவிடப்பட்டு, பல ஆண்டுகள் மழையிலும் வெயிலிலும் நின்ற வாகனங்களில் பெயரிங்குகள் துருப்பிடித்துக் குழி விழுந்திருக்கும். வெளியே புதுப் பெயின்ற் பளபளத்தாலும் உள்ளே கறகறப்பு இருக்கும். அத்தகைய வாகனங்களில் பதிவுப் புத்தகத்தில் உள்ள இயந்திர இலக்கமும் செசி இலக்கமும் வாகனத்தில் உள்ளவற்றோடு ஒத்துப்போகின்றனவா என்பதையும் கட்டாயம் பாருங்கள்.

இன்னுமொன்று. கியர்பொக்சில் தடித்த கிறீசையோ மரத்தூளையோ போட்டுச் சத்தத்தை அடக்கி விற்பவர்களும் உண்டு. சில நாட்களில் சத்தம் திரும்பி வரும். ஒயிலைப் பார்ப்பது இதற்காகவும்தான்.

உடனே நிறுத்த வேண்டியவை

சில சத்தங்களோடு சில காலம் ஓடலாம். கிளச் பெயரிங்கின் மெல்லிய சத்தமும், டிபறன்சலின் பழைய ஊளையும் அத்தகையவை. ஒயில் அளவைப் பார்த்துக்கொண்டு, பணம் சேரும்வரை கவனமாக ஓடலாம். ஆனால் மூன்று சத்தங்களோடு ஓடவே கூடாது.

முதலாவது, சில்லுப் பெயரிங்கின் கறகறப்போடு ஆட்டமும் இருப்பது. சில்லே கழன்று போகலாம். இரண்டாவது, யூனிவர்சல் ஜொயின்ற் அடிப்பதோடு காரும் அதிர்வது. புறொப்பெலர் சாப்ற் முன்பக்கம் கழன்று வீதியில் குத்தினால் கார் கட்டுப்பாட்டை இழந்துவிடும். மூன்றாவது, பிறேக்கில் இரும்பு உரசுவது. ஆட்களை ஏற்றிச் செல்லும் வாகனத்தில் இவை உயிரோடு சம்பந்தப்பட்டவை. சந்தை தவறினால் ஒரு நாள் நட்டம், அவ்வளவே.

முடிவு எடுப்பது

குறை இருக்கிறது என்பதற்காகக் காரை வாங்கக் கூடாது என்பதல்ல. குறையற்ற பழைய கார் கிடையாது. குறையின் பெயரை அறிந்துகொண்டு விலை பேசுங்கள். விற்பவருக்குச் சார்பில்லாத ஒரு திருத்துநரிடம் உதிரிப்பாகத்தின் விலையையும் கூலியையும் கேளுங்கள். அத்தொகையைக் காரின் விலையோடு கூட்டிப் பாருங்கள். கூட்டிய தொகை உங்கள் கையில் இருப்பதற்கு மேல் போனால், எவ்வளவு பிடித்த காராக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். விற்பவர் நீண்ட ஓட்டத்துக்கோ ஒயிலைப் பார்ப்பதற்கோ இணங்க மறுத்தால், அந்த மறுப்பே உங்களுக்கு விடை.

கார் வாங்கிய பின்னரும் கேட்பதை நிறுத்த வேண்டாம். எமது மூன்று குடும்பங்களும் ஒரு சிறு கொப்பியில் திகதியையும், கேட்ட சத்தத்தையும், அது எப்போது வந்தது என்பதையும் எழுதி வைக்கட்டும். திருத்துநரிடம் போகையில் "ஏதோ சத்தம் கேக்குது" என்று சொன்னால் அவரும் தேட வேண்டும். தேடும் நேரத்துக்கும் கூலி உண்டு. "கிளச்சை மிதிச்சால் வருகுது, விட்டால் நிக்குது" என்று சொன்னால் பாதி வேலை முடிந்தது. அடைவில் இருக்கும் காப்பு வீட்டுக்குத் திரும்பி வரும் நாளும் அவ்வளவுக்குக் கிட்டும்.

குழுவாகக் கலந்துரையாட

1. உங்கள் கிராமத்தில் ஓடும் ஒரு காரை எடுத்து, அது முன்சில்லு ஓட்டமா பின்சில்லு ஓட்டமா என்று கண்டறியுங்கள். எதைப் பார்த்து அறிந்தீர்கள்?

2. ஒரு காரில் கிளச்சை மிதித்தாலும் விட்டாலும் சத்தம் மாறவில்லை. கார் நின்றதும் சத்தமும் நின்றுவிடுகிறது. எப்பகுதியைச் சந்தேகிப்பீர்கள்? அடுத்து எதை மாற்றிப் பார்ப்பீர்கள்?

3. பலர் சேர்ந்து ஒரு வாகனம் வாங்கும்போது, திருத்தச் செலவை எப்படிப் பகிர்வது? ஓடக் கூடாது என்று சொல்லும் பொறுப்பு யாருடையது? வாங்குவதற்கு முன்னரே இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.